பேஸ்பாலை வேகப்படுத்த எந்த விதி: கடிகாரமா, இலவச ரன்னரா, ஏழு இன்னிங்ஸா?

பேஸ்பால் பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. பிட்ச் கிளாக் (பந்து வீச விநாடி வரம்பு வைக்கும் கடிகாரம்) வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கவே முடிகிறது என்று ஒரு கட்சி. கடிகாரம் இல்லாத ஆட்டம் என்பதுதான் இதன் அழகே, அதையும் கெடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் சேராமல், அமெரிக்காவில் பிள்ளைகளை உள்ளூர் லீக்கில் சேர்த்துவிட்டு அடுத்த பருவத்து விதிகளுக்குக் கை தூக்க வேண்டிய பெற்றோர் சிலர், "இத்தனை விதி இருக்கிறதே, எங்களுக்கு எது சரிப்படும்?" என்று கேட்கிறார்கள். மூன்று கூட்டத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கின் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் (இரண்டு அணியும் மூன்று மூன்று அவுட் வரை ஒரு முறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்) சராசரியாக இரண்டரை மணி நேரத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும். 2021இல் அது 3 மணி 10 நிமிடம். அதே ஒன்பது இன்னிங்ஸ், ஒரு அணிக்கு அதே 27 அவுட். கூடுதலாக வந்த அரை மணிக்கு மேற்பட்ட நேரத்தில் ஆட்டம் ஒன்றும் கூடவில்லை. 2013இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அளந்து பார்த்தபோது, ஒரு ஆட்டத்தில் நிஜமாகவே ஏதாவது நடக்கிற நேரம் சுமார் 18 நிமிடம்தான் என்று வந்தது. மற்றதெல்லாம் பிட்சர் (பந்து வீசுபவர்) மூச்சு விடுவது, பேட்டர் வெளியே போய்க் கையுறையை அவிழ்த்துக் கட்டுவது, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பிட்சர் நிற்கும் மேடான மவுண்டுக்கு நடந்துபோய்க் காதில் கிசுகிசுப்பது, விளம்பரம். ரெட் சாக்ஸ் அணியின் நோமார் கார்சியபாரா ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இரண்டு கையுறையையும் மாற்றி மாற்றி இழுத்துவிடுவதும், தரையைக் கால்விரலால் தட்டுவதும் அந்தக் காலத்தில் பார்த்தவர்களுக்கு மறக்காது. இன்னொரு மெதுவான பேட்டரான மைக் ஹார்க்ரோவுக்கு 'ஹியூமன் ரெயின் டிலே' (மனித உருவில் மழைத் தாமதம்) என்று பட்டமே வைத்தார்கள்.

எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அந்த விதி வெட்டி நேரத்தைக் குறைக்கிறதா, ஆட்டத்தையே குறைக்கிறதா? இரண்டுமே ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் முதலாவதில் நாம் இழப்பது கையுறை கட்டும் காட்சியை, இரண்டாவதில் இழப்பது பேஸ்பாலை.

அப்புறம், தண்டனை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இது பலர் கவனிக்காத இடம். 2015இல், பேட்டர் ஒரு காலையாவது தான் நிற்கும் கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். மீறினால் அதிகபட்சம் 500 டாலர் அபராதம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு 500 டாலர் எந்த மூலைக்கு? அந்த வருடம் சராசரி 3 மணி 2 நிமிடத்திலிருந்து 2 மணி 56 நிமிடத்துக்கு இறங்கியது, 2016இல் 3 மணி, 2017இல் 3 மணி 5 நிமிடம். பழைய நிலைக்கும் மேலே போய்விட்டது. கிரிக்கெட்டிலும் இதே கதைதான்: மெதுவாக ஓவர் வீசினால் சம்பளத்தில் பிடித்தம் என்று வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்தார்கள், கேப்டன்கள் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஓவருக்கு ஓவர் 60 விநாடி, மூன்றாவது முறை மீறினால் 5 ரன் என்று ஸ்டாப் கிளாக் வந்த பிறகுதான் ஃபீல்டர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது, இங்கே மிச்சம் பிடித்த நேரத்தை வேறு இடத்தில் களவாட ஓட்டை இருக்கிறதா என்பது. நான்காவது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பது: பிட்சரின் முழங்கையா, சாதனைப் பட்டியலா, டிவி கம்பெனியா, டிக்கெட் வாங்கிய நாமா?

பிட்ச் கிளாக்

2023இல் வந்தது. பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொடும் மூலைகளில்) ஆள் இல்லாவிட்டால் 15 விநாடி, ஆள் இருந்தால் 20 (2024இலிருந்து 18). அதற்குள் பிட்சர் வீசத் தொடங்காவிட்டால் பேட்டருக்கு ஒரு பால் (நாலு பால் சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவார், அதுதான் வாக்). 8 விநாடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் தயாராக நிற்காவிட்டால் அவருக்கு ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). ஒவ்வொரு தடவை பேட் செய்ய வரும்போதும் பேட்டருக்கு ஒரே ஒரு டைம் அவுட்தான். பிட்சர் மவுண்டிலிருந்து காலை எடுப்பதோ பேஸை நோக்கி வீசுவதோ ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை வீசி ஆளை அவுட் ஆக்க முடியாவிட்டால் ரன்னர்கள் சும்மாவே ஒரு பேஸ் முன்னேறுவார்கள்.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். அது இல்லையென்றால் 14ஆவது விநாடியில் பிட்சர் சும்மா முதல் பேஸுக்கு ஒரு பந்தைப் போட்டுவிட்டு மறுபடி 20 விநாடி எடுத்துக்கொள்வார். ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கடிகாரத்தை மாட்டினார்கள். அதற்கு முந்தைய வருடமே பிட்ச்காம் கருவியும் வந்திருந்தது: கேட்சர் பொத்தானை அமுக்கினால் என்ன பந்து வீசுவது என்று பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். விரல் சைகை, தலையாட்டல், மறுபடி சைகை என்று போன நேரம் அதிலேயே ஓரளவு தீர்ந்துவிட்டது. பிட்ச்காம் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் வைத்திருந்தால் பிட்சர்கள் திண்டாடிப் போயிருப்பார்கள்.

பலன்? 2022இல் சுமார் 3 மணி 3 நிமிடமாக இருந்த சராசரி 2023இல் 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிய ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டங்கள் 2021இல் 391. 2023இல் வெறும் 9. ரன்னரைப் பிட்சர் கட்டிப்போட முடியாமல் போனதாலும், பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18க்குப் பெரிதாக்கியதாலும் பேஸ் திருட்டு (பந்தை யாரும் அடிக்காமலேயே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 2,486இலிருந்து 3,503 ஆனது. பார்வையாளர் எண்ணிக்கையும் 7 கோடியைத் தாண்டியது. அது முழுக்கக் கடிகாரத்தின் வேலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாரநாளில் பத்து மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றால் டிக்கெட் வாங்க மனசு வரும்தானே.

கணக்கு எளிது. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 300 பந்துக்குப் பக்கமாக வீசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி மிச்சமானால் 25 நிமிடம். வேறு எந்த விதியும் இவ்வளவு இடத்தில் கை வைப்பதில்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. 2023 பிப்ரவரி 25, ஃபுளோரிடாவின் நார்த் போர்ட்டில் பிரேவ்ஸுக்கும் ரெட் சாக்ஸுக்கும் பயிற்சி ஆட்டம். 6-6, ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப் பாதி, மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், 3-2 கவுண்ட் (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்). இதைவிடச் சூடான கட்டம் பேஸ்பாலில் கிடையாது. பிரேவ்ஸின் கால் கான்லி பேட்டர். அம்பயர் குறுக்கே வந்தார். தவறு பிட்சர் பக்கம், நமக்கு வாக், மூன்றாவது பேஸில் இருப்பவர் ரன் எடுத்துவிடுவார், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கான்லி முதல் பேஸை நோக்கி நடக்கத் தொடங்கினார். அம்பயர் சொன்னதோ நேர்மாறு: 8 விநாடிக்குள் நீ தயாராக இல்லை, ஸ்ட்ரைக் மூன்று, அவுட், ஆட்டம் டை. ஒரு பந்துகூட வீசப்படாமல் முடிந்தது. கடிகாரத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள், அது நியாயமான பயம்தான். ஆனால் பருவம் தொடங்கியதும் வீரர்கள் பழகிவிட்டார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு மீறல்கூட இல்லை.

முழங்கை விஷயம் இன்னும் முடியவில்லை. 2024 ஏப்ரலில் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், ஷேன் பீபர் போன்ற பெரிய பிட்சர்கள் வரிசையாகக் காயப்பட்டபோது, ஓய்வே கொடுக்காமல் வீசவைப்பதால்தான் என்று வீரர் சங்கம் கடிகாரத்தைக் குற்றம் சொன்னது. லீக் மறுத்தது. அந்த வருட டிசம்பரில் லீக் வெளியிட்ட அறிக்கை வேகத்தைத்தான் கைகாட்டியது: எல்லாரும் ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சில் வீசுகிறார்கள் என்று. அறிக்கை லீக்கினுடையது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்துக்கு வெகு காலம் முன்பே பிட்சர்களின் முழங்கை அறுவைச் சிகிச்சைகள் ஏறிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

இன்னொரு செலவு கொஞ்சம் வேடிக்கையானது. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பியர் விற்பனை அடிபடும் என்று சில அணிகள் ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்துவதை எட்டாவது வரை நீட்டின. ஹாட் டாக் வாங்க வரிசையில் நின்றால் ஒரு முழு இன்னிங்ஸ் போய்விடுகிறது என்று ரசிகர்களும் புலம்பினார்கள்.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் இலவச ரன்னர்

2020இல் கொரோனா காலத்துக்காக வந்து, 2023இல் வழக்கமான பருவத்துக்கு நிரந்தரமாகிவிட்டது. ஒன்பதில் சமநிலை என்றால், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு அணியும் இரண்டாவது பேஸில் ஒரு ஆளோடு தொடங்கும். அவர் அங்கே போக ஒன்றுமே செய்யவில்லை. லீக் தலைவர் ராப் மான்ஃபிரெடின் பெயரில் 'மான்ஃபிரெட் மேன்' என்று ரசிகர்கள் கிண்டல் செய்வது இவரைத்தான்.

எனக்கு இது பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டத்தில் இதனால் ஒரு விநாடிகூட மிச்சமில்லை, பெரும்பாலான ஆட்டங்கள் ஒன்பதிலேயே முடிந்துவிடும். வெட்டி நேரத்தையும் இது தொடுவதில்லை. நேரே ஆட்டத்தில் கை வைக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்க வாதத்தில் வலு இருக்கிறது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம். செவ்வாய் இரவு 16 இன்னிங்ஸ் போனால் இருக்கிற பிட்சர்களெல்லாம் தீர்ந்துபோய், புதன்கிழமைக்கு மைனர் லீக்கிலிருந்து யாரையாவது விமானத்தில் கூட்டிவர வேண்டும். 1981இல் பாடக்கெட், ராச்செஸ்டர் மைனர் லீக் அணிகளின் ஆட்டம் 32 இன்னிங்ஸ் முடிந்தும் தீராமல் விடியற்காலை 4:07க்கு நிறுத்தப்பட்டது. அப்போது அரங்கில் மிச்சமிருந்தது 19 ரசிகர்கள். ஜூனில் மறுபடி கூடி 33ஆவது இன்னிங்ஸை 18 நிமிடத்தில் முடித்தார்கள். கேட்கச் சுவையான கதைதான், மறுநாளும் ஆடவேண்டிய வீரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

லீக்கே இந்த விதியை ப்ளேஆஃபில் (வழக்கமான பருவம் முடிந்தபின் கோப்பைக்காக ஆடும் சுற்றுகளில்) வைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் 2025 வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் நமக்குக் கிடைத்தது: டாட்ஜர்ஸ், ப்ளூ ஜேஸ், 18 இன்னிங்ஸ், டாட்ஜர்ஸின் ஓட்டானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார், கடைசியில் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன். 6 மணி 39 நிமிடம். 2018 வேர்ல்ட் சீரிஸிலும் மூன்றாவது ஆட்டம் இதே 18 இன்னிங்ஸ் போனது, அதற்கு 7 மணி 20 நிமிடம். 2018இல் இரண்டு அணியும் சேர்ந்து அடித்தது 5 ரன், 2025இல் 11. ரன் இரண்டு மடங்குக்கு மேல், நேரம் 41 நிமிடம் குறைவு. கடிகாரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இலவச ரன்னர் இல்லாமலேயே ஆட்டம் சுருங்கியிருக்கிறது, ஒரு இன்னிங்ஸும் திருடு போகவில்லை.

ஏழு இன்னிங்ஸ், நேர வரம்பு

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால் ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ் என்று 2020, 2021 இரண்டு வருடம் ஓடியது. நேரம் கண்டிப்பாக மிச்சம், அதில் சந்தேகமே இல்லை. விலை என்னவென்று பிட்சர் மேடிசன் பம்கார்னர் சொல்வார்: 2021 ஏப்ரலில் பிரேவ்ஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தார். ஒன்பது இன்னிங்ஸ் இல்லாததால் அது நோ-ஹிட்டர் பட்டியலில் ஏறவே இல்லை. அவர் என்ன தப்பு செய்தார்? நூறு வருடத்துக்கு மேலான பதிவேட்டின் மீது உயிரை வைத்திருக்கும் விளையாட்டில் இந்தச் சேதம் சின்னதல்ல. பல்கலைக்கழக, பள்ளி அளவில் அந்தப் பதிவேட்டுக் கவலை இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏழு இன்னிங்ஸ்தான் வழக்கம், யாரும் குறைப்படுவதில்லை.

நேர வரம்பு இன்னொரு வகை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, மூன்றரை மணி நேரம் தாண்டினால் புது இன்னிங்ஸ் கிடையாது என்று வைத்தார்கள். காரணம் எல்லாருக்கும் புரிந்தது, ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானில் டை என்பது ஏற்கெனவே பழகிப்போன விஷயம் வேறு. சவானா பனானாஸ் குழுவின் காட்சி ஆட்டங்களுக்கு இரண்டு மணி நேர வரம்பு. அது கொண்டாட்டம், அங்கே யாரும் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் லீக்கில் இதுதான் அதிகம் புழங்குகிறது, மைதானத்தை அடுத்த அணிக்கு விட வேண்டுமே. ஆனால் ஓட்டை என்று நான் மேலே சொன்னது இங்கேதான் பெரிதாக வாயைப் பிளக்கிறது. ஒன்றே முக்கால் மணிக்குப் பிறகு புது இன்னிங்ஸ் இல்லை என்று விதி. இப்போது ஒன்றரை மணி ஆகிவிட்டது. முன்னிலையில் இருக்கும் அணியின் கோச்சைப் பாருங்கள். திடீரென்று மவுண்டுக்கு நடந்து போவார், அதுவும் கல்யாண ஊர்வலம் மாதிரி. பிட்சரை மாற்றுவார், புதுப் பையன் எட்டுப் பந்து வார்ம்-அப் போடுவான், கேட்சரின் காலணிக் கயிறு அவிழ்ந்துவிடும். பத்து வயதுப் பையன்களுக்கு நேரம் கடத்துவதைச் சொல்லிக்கொடுக்கும் விதி என்று இதைச் சொன்னால் மிகையில்லை. வெட்டி நேரத்தைக் குறைக்க வந்த விதி அதையே பரிசாக்கிவிடுகிறது.

சில்லறை விதிகள்

வேண்டுமென்றே கொடுக்கும் வாக்குக்கு நாலு பந்து வீச வேண்டாம், பெஞ்சிலிருந்து கை காட்டினால் போதும் என்பது 2017இல் வந்தது. மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் கீழே, அதுவும் எப்போதாவது. இழந்தது? 2006இல் பேட்டர் மிகேல் கப்ரேரா, அப்படி ஒதுக்கி வீசிய பந்து ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும் அதையே அடித்து ஹிட் எடுத்தார். இனி அது நடக்கவே நடக்காது. லாபமும் சில்லறை, நஷ்டமும் சில்லறை.

மவுண்டுக்குப் போய்ப் பேசுவதை 2018இல் ஒரு ஆட்டத்துக்கு 6 முறை என்று வைத்து, 5 ஆக்கி, 2024இல் 4க்குக் கொண்டுவந்தார்கள். 2018இல் சராசரி ஐந்து நிமிடம் இறங்கியது. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற 2020 விதி கொஞ்சம் சிக்கல். ஒரே ஒரு இடதுகை பேட்டருக்காக இடதுகை பிட்சரைக் கொண்டுவந்து, ஒரு பந்து முடிந்ததும் அனுப்பிவிடும் கூத்து நின்றது. அந்த ஒரு வேலையை வைத்தே பத்து வருடம் பிழைத்தவர்களின் பிழைப்பும் நின்றது, மேனேஜர்களின் சதுரங்கத்தில் ஒரு காய் போனது. எனக்கு இது சம்மதம்தான், ஆனால் அதை இழப்பாக நினைப்பவரோடு சண்டை போட மாட்டேன்.

2026 பருவத்துக்கு ஒப்புதல் வாங்கிய ரோபோ அம்பயர் சவாலை (அம்பயரின் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடுவது) இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 பயிற்சி ஆட்டங்களில் ஒரு சவாலுக்கு சுமார் 14 விநாடி ஆனது. அது தீர்ப்பைச் சரிசெய்ய வந்தது, வேகத்துக்கு அல்ல.

யாரும் பெரிதாகத் தொடாத இடம்: விளம்பரம்

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி மாறும் இடைவேளை 16 அல்லது 17. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்றால் அரை மணிக்கு மேல். அதில் அரை நிமிடம் வெட்டினாலே எட்டு நிமிடம் மிச்சம். பிட்சருக்கு வலியில்லை, பதிவேட்டில் கீறல் இல்லை, ஒரு பந்துகூடக் குறையாது. நான் மேலே சொன்ன முதல் அளவுகோலில் இதற்குத்தான் முழு மதிப்பெண். 2019இல் தேசிய ஒளிபரப்பின் இடைவேளையை 2 நிமிடம் 25 விநாடியிலிருந்து 2 நிமிடம் ஆக்கினார்கள், உள்ளூர் ஒளிபரப்பில் 5 விநாடி குறைத்தார்கள். அதோடு சரி. பேட்டரின் கையுறைக்கு விநாடிக் கணக்குப் பார்க்கிறவர்கள் கார் விளம்பரத்தின் முன்னால் பவ்யமாக நிற்பது எனக்கு எரிச்சல்தான். விலை கொடுப்பவர் டிவி கம்பெனி, வீரர்களின் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்து வருகிறது, ஆகவே சங்கமும் இதைப் பெரிதாகக் கிளப்பப் போவதில்லை.

சரி, யாருக்கு எது?

தொழில்முறை லீக் என்றால் பிட்ச் கிளாக்தான், வேறு பேச்சே இல்லை. தைவான் 2024இலும் கொரியா 2025இலும் அந்தப் பக்கம் வந்துவிட்டன. கொரியா 20, 25 விநாடி என்று தாராளமாகத் தொடங்கியது நல்ல யோசனை. கூடவே மவுண்டுப் பேச்சுக்கு வரம்பு. இலவச ரன்னரைப் பத்தாவதிலேயே கொண்டுவராமல் பதின்மூன்றாவதிலிருந்து வைத்தால் வீரர்களின் உடம்பும் தப்பும், நமக்கும் மூன்று நிஜ இன்னிங்ஸ் கிடைக்கும்.

பெரியவர்கள் ஆடும் வாரக்கடைசி லீக்கில் மைதானத்தில் திரையெல்லாம் இருக்காது. பேஸ் அம்பயர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். 25 விநாடி வையுங்கள், முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை மட்டும், பிறகு பால் அல்லது ஸ்ட்ரைக். அபராதப் பணம் வசூலிக்கிறோம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். வேலைக்கும் ஆகாது, மனக்கசப்புதான் மிஞ்சும். இங்கே இலவச ரன்னரை நானே சிபாரிசு செய்வேன், எல்லாருக்கும் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கடிகாரம் வேண்டாம். அவர்கள் மெதுவாக இருப்பது தந்திரத்தால் அல்ல, பந்து எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாததால். அங்கே நேரத்தைத் தின்பது வேறு: வாக் மேல் வாக், கேட்சர் கவசம் மாட்டும் நேரம், 18-2 என்று போய்க்கொண்டே இருக்கும் ஆட்டம். மூன்று இன்னிங்ஸுக்குப் பின் 15 ரன், நாலுக்குப் பின் 10 ரன் வித்தியாசம் இருந்தால் முடித்துக்கொள்ளும் லிட்டில் லீக் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அவுட் ஆனபின் கேட்சர் பேஸில் இருந்தால் அவருக்குப் பதில் வேறொரு பையனை ஓடவிட்டு, கேட்சரைக் கவசம் மாட்ட அனுப்புங்கள். இன்னிங்ஸ் மாறும்போது அவன் தயாராக இருப்பான். நேர வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி பதினைந்து நிமிடத்தில் கோச் மவுண்டுக்குப் போகக்கூடாது, பிட்சரை மாற்றினால் மூன்று பந்துதான் வார்ம்-அப் என்று அதே வரியில் சேர்த்து எழுதிவிடுங்கள்.